பில் போடாமல் ஒரு டப்பாவும் தராத உரக்கடை

அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி போகிற ரோட்டில், வீரவநல்லூரை ஒட்டி இருக்கிற ஒரு உரக்கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களோடு மனஸ்தாபம் வந்துவிடும் என்று யோசிக்கிறார், அதனால் போடவில்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். நெல்லுக்கோ வாழைக்கோ மருந்து வாங்க வேண்டும் என்றால் கொஞ்சம் தூரம் கூடினாலும் இங்கே போய் வாங்குங்கள் என்பதுதான் என் முடிவு. அதற்கான காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு கடையோடு நிற்காது, பூச்சிமருந்துச் சட்டம் வரைக்கும் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

பெரும்பாலான கடைகளில் நெல் தூரில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சிக்கு மருந்து என்று கேட்டால் இரண்டு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்து, இதையும் அதையும் கலந்து டேங்குக்கு இத்தனை மில்லி என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இங்கே முதலில் கேள்விதான் வரும். "எத்தன நாள் பயிரு? தூரை விலக்கிப் பாத்தியளா, மேல இலைய மட்டும் பாத்துட்டு வந்தியளா? யூரியா கடைசியா எப்ப போட்டிய?" என்று கேட்பார். பதில் சொல்ல முடியவில்லை என்றால் ஒரு தூரைப் பிடுங்கிக்கொண்டு வரச் சொல்வார். போன பிசானப் பருவத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அம்பை 16 ரக நெல் போட்டிருந்த வயலுக்கு மருந்து கேட்டு வந்தபோது, "தண்ணிய மொதல்ல வடிய விடுங்க மாமா, யூரியாவ நிறுத்துங்க, மூணு நாள் கழிச்சும் பூச்சி கொறையலன்னா வாங்க, மருந்து தாரேன்" என்று சொல்லி அனுப்பினார். மருந்து விற்றுப் பிழைக்கிற ஒருவர் மருந்து வேண்டாம் என்று சொல்வதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. அவர் சொன்னது சரியான யோசனையும்கூட. புகையானுக்கு சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்தால் நன்மை செய்கிற சிலந்தியும் மற்றதும் செத்துப்போய், பூச்சி முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பி வரும். நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது காலி இடைவெளி, விட்டு நட்டால் பாதித் தொல்லை குறையும் என்று வேளாண் பல்கலைக்கழகம் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கடைக் கல்லாவில் நின்று சொல்கிற ஆள் வேண்டும் அல்லவா, இவர் சொல்கிறார்.

அடுத்து பில். ஐந்து ரூபாய்ப் பொட்டலமாக இருந்தாலும் பில், பில்லில் பேட்ச் எண், காலாவதித் தேதி, உங்கள் பெயர், ஊர். லைசென்ஸ் கண்ணாடிச் சட்டம் போட்டு எதிரிலேயே மாட்டியிருக்கிறது. எந்தெந்தக் கம்பெனி மருந்தை விற்க அனுமதி வாங்கியிருக்கிறார் என்கிற விவரமும் அதிலேயே இருக்கிறது. கடை விற்பனையாளர்களுக்கென்று ஹைதராபாத்தில் இருக்கிற மேனேஜ் என்கிற மத்திய அரசு வேளாண் விரிவாக்க நிறுவனம் நடத்துகிற ஒரு வருட டிப்ளமாவை முடித்திருக்கிறார். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று டப்பாவில் இருக்கிற முக்கோணத்தின் நிறப்படியே அலமாரியைப் பிரித்து வைத்திருக்கிறார். சிவப்புதான் மிகக் கொடிய விஷம், பச்சை கடைசி. சிவப்பு முக்கோண மருந்து கைக்கெட்டாத மேல்தட்டில் பூட்டிக் கிடக்கும், கூலிக்கு வந்த சிறுவனிடமோ குடித்துவிட்டு வந்தவரிடமோ தரமாட்டார். இன்னொன்று, தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலைக் கையால் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். எந்த வருடம் எது தடையானது என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பட்டியலைப் படித்த பிறகுதான் நான் சட்டத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஒரே ஒரு பிரிவு. இன்றைக்கும் நம்மை ஆள்வது 1968ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் வருடத்து விதிகளும்தான். அந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவைப் பாருங்கள்: ஒருவர் தன் வீட்டுக்கும், தன் வீட்டுத் தோட்டத்துக்கும், தான் பயிரிடுகிற நிலத்துக்கும் மருந்து பயன்படுத்துவதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது தயாரிப்பு, இறக்குமதி, பதிவு, லைசென்ஸ், லேபிள், விற்பனை எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிற சட்டம், டப்பா கடை வாசலைத் தாண்டி விவசாயி கைக்கு வந்ததும் ஒதுங்கிக்கொள்கிறது. காலையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கையுறை போட்டீர்களா, அறுவடைக்கு எத்தனை நாளுக்கு முன்னால் அடித்தீர்கள் என்று கேட்க அதற்குப் பிறகு யாரும் இல்லை. அப்படியானால் சட்டம் கடைசியாக நிற்கிற இடம் இந்தக் கல்லாப்பெட்டிதான். கடைக்காரர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தே ஊர் ஆறு, ஊர்க் கிணறு, மருந்து அடிக்கிற கூலிக்காரரின் உடம்பு எல்லாம் இருக்கிறது. கடையைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுத இதுதான் காரணம்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1958இல் கேரளத்தில் கோதுமை மாவு சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கப்பலில் வந்த மாவு மூட்டைகளில் அதே கப்பலில் ஏற்றப்பட்டிருந்த பாரத்தியான் சிந்திக் கலந்துவிட்டது. நம் பெரியவர்கள் ஃபாலிடால் என்று சொல்வார்களே, அதே சரக்குதான். அந்தச் சாவுகளை விசாரித்து, யோசித்து, பத்து வருடம் கழித்து வந்ததுதான் 1968 சட்டம். அதற்கு முன்னால் நம்மிடம் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போனவை. செடி, விதையோடு வெளிநாட்டிலிருந்து பூச்சி வந்துவிடக் கூடாது என்று போட்ட 1914ஆம் வருடச் சட்டம், நச்சுப்பொருள்களுக்கு 1919இல் ஒரு சட்டம், மதராஸ் மாகாணத்துக்கென்று 1919இல் பயிர்ப்பூச்சி நோய்ச் சட்டம். அரசியலமைப்பின் 372ஆம் பிரிவு இப்படிப்பட்ட பழைய சட்டங்களை, திருத்தும்வரை அல்லது நீக்கும்வரை செல்லும் என்று அப்படியே வைத்துக்கொண்டது. அது நல்ல முடிவு. சுதந்திரம் கிடைத்த மறுநாளே எல்லாவற்றையும் ரத்து செய்திருந்தால் துறைமுகத்தில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நின்றிருப்போம்.

1968 சட்டத்தின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது வேறு. ஒரு மருந்துக்கு ஃபரிதாபாத்தில் இருக்கிற பதிவுக் குழு ஒருமுறை முழுப் பதிவு கொடுத்துவிட்டால் அதற்குக் காலாவதியே கிடையாது. ஐரோப்பாவில் ஒரு மருந்துக்கு முதலில் பத்து வருட அளவில்தான் அனுமதி, அப்புறம் புதிய ஆராய்ச்சிகளை வைத்துத் திரும்பப் பரிசோதிப்பார்கள். நம்மிடம் அந்தத் தானான பரிசோதனை இல்லாததால், யாராவது கமிட்டி போட்டால்தான் உண்டு. 2013இல் வேளாண் விஞ்ஞானி அனுபம் வர்மா தலைமையில் போட்ட கமிட்டி, வேறு நாடுகளில் தடையான அல்லது கட்டுப்படுத்தப்பட்ட 66 மருந்துகளை எடுத்துப் பார்த்தது. அதன் பலனாக 2018இல் 18 மருந்துகளுக்குத் தடை வந்தது. மீதைல் பாரத்தியான் உள்பட 12 உடனடியாக, ஃபோரேட், டைகுளோர்வாஸ் போன்ற 6 மருந்துகள் 2020 டிசம்பர் 31 முதல். 2020இல் இன்னும் 27 மருந்துகளைத் தடை செய்வதாக வரைவு ஆணை வந்தது. 2023இல் வந்த இறுதி ஆணையில் முழுத்தடைக்கு ஆளானவை டைகோஃபால், டைனோகாப், மெத்தோமில் என்கிற மூன்றுதான். மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். என்கிற 36 சதவீதக் கரைசலுக்கும் முடிவு கட்டி, கையிருப்பை விற்றுத் தீர்க்க அவகாசம் கொடுத்தார்கள். வேறு சிலவற்றுக்குச் சில பயிர்களில் மட்டும் தடை. பட்டியல் இப்படிச் சுருங்கியது எனக்குக் கசப்பாகவே இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005இலேயே சொல்லியாயிற்று. 2013இல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்தது இதே மருந்தால்தான். அதற்குப் பிறகும் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

வர்மா கமிட்டித் தடை நடைமுறைக்கு வந்தபோது இந்தக் கடையில் ஃபோரேட் குருணை அலமாரியை விட்டே போய்விட்டது, மிச்சத்தைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு ஒரு ஊரில் வேறு ஒரு கடையில், தடை வந்து ஒரு போகம் கழிந்த பிறகும், வாழைக்கு வைக்க எங்கள் சித்தப்பாவுக்கு அதே குருணையைப் பில் இல்லாமல் பழைய பேப்பரில் மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பேப்பரோடு வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தார், சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற திண்ணை. எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பில் கேட்டு வாங்கியிருந்தால் அது நடந்திருக்காது, பில் போட வேண்டியிருந்தால் அவர்கள் விற்றிருக்கவே மாட்டார்கள்.

மாநில அரசு என்ன செய்ய முடியும் என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். 27ஆம் பிரிவுப்படி ஒரு மருந்தை 60 நாள் நிறுத்தி வைக்கலாம், நீட்டித்தால் மேலும் 30 நாள், அவ்வளவுதான். தற்கொலைச் சாவுகளைக் குறைக்க நம் தமிழ்நாட்டு அரசே சில வருடங்களுக்கு முன்னால் மோனோகுரோட்டோபாஸ் உள்பட ஆறு மருந்துகளை 60 நாள் நிறுத்தியது. பஞ்சாபில் பாசுமதி அறுவடைக்கு முன்னால் திரும்பத் திரும்ப 60 நாள் தடை போடுகிறார்கள், அரிசியில் மருந்து எச்சம் இருந்தால் ஐரோப்பா வாங்காது என்பதால். நெல்லில் வருகிற குலைநோய்க்கு நாமும் அடிக்கிற டிரைசைக்ளசோலுக்கு 2017 கடைசியில் ஐரோப்பா கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று எச்ச அளவைக் குறைத்தபோதுதான் அங்கே அந்தப் பதற்றம் ஆரம்பித்தது. வெளிநாட்டுக்காரன் சாப்பிடுகிற அரிசிக்குக் காட்டுகிற அக்கறையை, பாவூர்சத்திரம் சந்தையில் இருந்து கேரளாவுக்கும் திருநெல்வேலி டவுனுக்கும் போகிற வெண்டைக்காய்க்கும் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

சரி, பழைய சட்டத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். எப்படி மாற்றுவது என்பதில்தான் கவனம் வேண்டும். இதை நினைக்கும்போது எனக்கு இங்கிலாந்து கதை நினைவுக்கு வருகிறது. என் சித்தி மகன் அங்கே நார்ஃபோக் பக்கம் வேலை பார்க்கிறான், சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு விளைகிற பூமி. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தபோது அங்கிருந்து வந்த சட்டங்களை இங்கிலாந்து அப்படியே தன் சட்டமாக வைத்துக்கொண்டது, பூச்சிமருந்து விதிகள் உள்பட. நாம் 372ஆம் பிரிவால் செய்ததைப் போலத்தான். அப்புறம் 2022இல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள்: சுமார் 4,000 சட்டங்கள், அமைச்சர்கள் தனியாக எடுத்துக் காப்பாற்றாவிட்டால் 2023 டிசம்பர் 31ஆம் தேதியோடு தானாகவே செத்துப்போகும். விவசாயிகள், தேனீ வளர்ப்பவர்கள், சுற்றுச்சூழல் ஆட்கள் எல்லாரும் பதறிப்போனார்கள். எதிர்ப்பு பலமாக வந்ததும் 2023 மே மாதம் அரசு பின்வாங்கி, சுமார் 600 சட்டங்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டு அவற்றை மட்டும் நீக்குவது என்று மாற்றிக்கொண்டது. பெயர் சொல்லி நீக்கினால் எதை இழக்கிறோம் என்றாவது தெரியும், தேதி போட்டு மொத்தமாகச் சாகவிட்டால் மருந்து அடித்து ஒருவர் மயங்கி விழுந்த பிறகுதான் அந்த விதி இல்லை என்பதே தெரியவரும்.

இதில் சத்தமில்லாமல் நடந்த வேலையும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த அனுமதிகளுக்கு மறுபரிசோதனைத் தேதி இருந்தது என்று சொன்னேன் அல்லவா, 2023 முடிவதற்குள் அந்தத் தேதி வர இருந்த மருந்துகளுக்கெல்லாம் இங்கிலாந்து ஒட்டுமொத்தமாக 3 வருடம் கூட்டிக் கொடுத்துவிட்டது. வேலையாட்கள் போதவில்லை என்பது புரிகிறது. ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து பகிர்ந்துகொண்ட பரிசோதனை வேலை முழுதும் ஒரே துறையின் தலையில் வந்து விழுந்துவிட்டது. ஆனாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது சட்டத்தைத் தளர்த்துவதற்குச் சமம்தான். தையாமெதாக்ஸம் இன்னொரு உதாரணம். நம் கடை அலமாரியிலும் இருக்கிறது, தத்துப்பூச்சிக்கும் அசுவினிக்கும் அடிக்கிறோம். தேனீக்களுக்கு ஆபத்து என்று 2018இல் ஐரோப்பா அதைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. வெளியே வந்த இங்கிலாந்து, பீட் பயிருக்கு அசுவினி மூலமாக வைரஸ் வருகிறது என்று 2021 முதல் 2024 வரை வருடாவருடம் அவசர அனுமதி கொடுத்தது, 2025இல்தான் மறுத்தது. சட்டப் புத்தகத்தில் தடை அப்படியே இருந்தது. அதே சமயம் அங்கே ஒரு நல்ல விஷயமும் ஐரோப்பிய விதியிலிருந்து வந்து தங்கியிருக்கிறது: பண்ணைக்கு மருந்து அடிக்கிறவர் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். நம் 38ஆம் பிரிவுக்கு நேர் எதிர். சித்தி மகன் போனில் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

நம் ஊரில் மாற்றுச் சட்டத்துக்கு முயற்சி 2008இலேயே ஆரம்பித்துவிட்டது. 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா வந்தது, அதற்கு அடுத்த வருடம் நாடாளுமன்றக் குழு அதைப் பார்த்து அறிக்கை கொடுத்தது. இப்போதைய சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 50,000 ரூபாய்தான், அந்த மசோதா அதை 50 லட்சம் வரைக்கும் கொண்டுபோனது. இதைப் பற்றிக் கடையில் அண்ணாச்சியோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் உடன்படவில்லை. "கம்பெனிக்காரன் சீல் வெச்சு அனுப்புத டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி? கோவில்பட்டி லேபுக்கு சாம்பிள் போயி தரம் கொறைவுன்னு வந்தா மொதல்ல எம் பேருலதான் கேஸு" என்றார். லைசென்ஸ் உள்ள இடத்தில் வாங்கி, தெரியாமல், சரியாக வைத்திருந்து விற்றவருக்கு 30ஆம் பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. புதுச் சட்டம் எது வந்தாலும் அந்த வரி விட்டுப்போய்விடக் கூடாது என்பது அவர் கவலை. நியாயமான கவலை என்றே நினைக்கிறேன். அபராதம் கூட வேண்டும், அது செய்தவன் மேல் விழ வேண்டும். என் பங்குக்கு நான் கேட்பது, பதிவுக்கு ஒரு முடிவுத் தேதி, மாநிலத்துக்கு 60 நாளுக்கு மேல் அதிகாரம், மருந்து அடிக்கிற கூலிக்காரருக்குப் பயிற்சியும் நஷ்டஈடும். பழையதில் இருக்கிற லைசென்ஸ், லேபிள், பில், இன்ஸ்பெக்டர் எல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் புதியதில் இருக்க வேண்டும். 2022 கடைசியில் இன்டர்நெட்டில் பூச்சிமருந்து விற்கவும் விதி திருத்தியாயிற்று. வீட்டு வாசலில் பார்சல் கொடுக்கிற பையன் தூரை விலக்கிப் பார்த்தீர்களா என்று கேட்கப்போவதில்லை.

கடையில் குறையே இல்லையா என்றால் இருக்கிறது. டப்பாவோடு வருகிற தமிழ்த் துண்டுச்சீட்டை என் கண்ணாலேயே படிக்க முடியவில்லை, எழுத்து அவ்வளவு பொடி. விஷ முறிவு என்ன, எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அண்ணாச்சி அளவை மட்டும் பில் பின்னால் பெரிதாக எழுதித் தருகிறார், அறுவடை இடைவெளியையும் எழுதித் தந்தால் நன்றாக இருக்கும். கையுறையும் முகமூடியும் எப்போதாவதுதான் இருப்பு இருக்கும். பேராகுவாட் விற்கிறார், அது எனக்குப் பிடிக்கவில்லை. குடித்துவிட்டால் முறிவு மருந்தே இல்லாத களைக்கொல்லி. இங்கிலாந்து 2007 முதல் தன் வயலில் அனுமதிக்காமல், ஹடர்ஸ்ஃபீல்டில் தயாரித்து மற்ற நாடுகளுக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த சரக்கு. இங்கே சட்டம் அனுமதிக்கிறது, கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப முடியவில்லை என்கிறார். நிறுத்துங்கள் என்று நேரிலேயே சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

காலி டப்பாவைத் திரும்ப வாங்குவதில்லை என்பதும் ஒரு குறை. 1971 விதி, காலிப் பாத்திரத்தை உடைத்துக் குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கச் சொல்கிறது. தகரத்துக்கும் கண்ணாடிக்கும் அது சரி, இன்றைக்கு எல்லாமே பிளாஸ்டிக், கன்னடியன் கால்வாய் மடைகளில் போய்ப் பாருங்கள், அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஒரு சாக்கைக் கட்டி வையுங்கள், நாங்களே மூன்று முறை கழுவிக் கொண்டுவந்து போடுகிறோம் என்று சிலர் சேர்ந்து கேட்டிருக்கிறோம், யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

கடன் கிடையாது, ஜிபே உண்டு. விலை டப்பாவில் போட்டதைவிடச் சில மருந்துகளுக்குக் குறைத்தே தருகிறார். பயிர் நோயை அடக்குகிற உயிர் மருந்துகளான சூடோமோனாஸும் டிரைகோடெர்மாவும் நாற்றங்கால் சமயத்தில் வரும், சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. கார் பருவ நடவும் பிசானப் பருவ நடவும் நடக்கிற மாதங்களில் காலை எட்டரைக்கு மேல் கூட்டம் தாங்காது, அந்த நேரத்தில் அவருக்கு நிதானமாகக் கேள்வி கேட்க முடியாமல் போகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போங்கள். போகும்போது பிடுங்கிய தூரையோ அரித்த இலையையோ ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், கடைசியாக அடித்த மருந்தின் டப்பாவையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.